வாஷிங் மெஷினைத் துறந்தவர்

பசுமைக் கட்சியில் ஒரு விசித்திரமான வழக்கம். தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறவர் மேடையேறி, தன் வீட்டு இயந்திரம் ஒன்றைத் துறப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். தொழிற்சாலைகள் ஓயாமல் செய்து குவித்தால் பூமி தாங்காது, 'போதும்' என்று முதலில் நம் வீட்டில் சொல்லிப் பழகுவோம் என்பது கட்சியின் தத்துவம். தத்துவத்தில் குறையில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு நகரசபைக்கு நின்றே தீர வேண்டும். பைக்கை விட மனம் வரவில்லை, டிவியையும்தான். கடைசியில் வாஷிங் மெஷினைத் துறந்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்; அந்த மெஷினில் மனிதர் ஒரு கைக்குட்டைகூடப் போட்டதில்லை.

நர்ஸ் வேலை முடிந்து வந்த மனைவி நிதானமாகக் கேட்டாள்.

"சத்தியம் பண்ணது யாரு?"

"நான்தான்."

"அப்ப உங்க துணியை நீங்க துவைங்க. நான் எந்தச் சத்தியமும் பண்ணலை."

மெஷினை விற்கவும் விடவில்லை. ஆள் வைத்து மாடிப்படிக்கு அடியில் இறக்கினாள். மேல்வீட்டு மெஷின் பழுதாகிக் கிடந்தது. எதிர்வீட்டுப் புதுத் தம்பதி புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு ஆளுக்கொண்ணு? முறை வச்சு இதுலயே போடுங்க" என்றாள்.

போட்டார்கள். பேச்சு பரவி, அடுத்தடுத்த தெருக்களிலும் மாடிப்படிக்கு அடியில் மெஷின்கள் முளைத்தன.

கட்டடத்திலேயே கையால் துவைத்தவர் கடைக்காரர் ஒருவர்தான். இடுப்பு கழன்றது. ஆதரவு கேட்டுப் போன வீடுகளிலோ, "ஜெயிச்சா எங்க மெஷினையும் பிடுங்கிடுவீங்களாண்ணே?" என்று பெண்கள் கதவைச் சாத்தினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்சித் தலைவரே வீடு தேடி வந்தார். சீட்டு கையில் வந்துவிட்டது என்று கடைக்காரர் சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

"படிக்கு அடியில மெஷின் வச்சாங்களே, அந்தம்மா இருக்காங்களா? அவங்களையே நிறுத்தலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"நிக்கறேன்" என்றாள் அவள், யோசிக்கவே இல்லை. "ஆனா மேடையில எதையும் துறக்க மாட்டேன். ஏற்கனவே இருக்கறதைப் பகிர்ந்துக்குங்கன்னுதான் சொல்லுவேன்."

தலைவர் சரியென்றுவிட்டு, தயக்கத்துடன் கடைக்காரரைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதம்தானே?"

"எனக்கென்ன, சந்தோஷம்தான்."

பொய். வயிறு பற்றி எரிந்தது. எதிரில் எந்தக் கொம்பன் நின்றாலும் தன் ஓட்டு இவளுக்குத்தான் என்று தெரிந்தபோது இன்னும் எரிந்தது.