வெள்ளிக்கிழமை சொன்ன ஆமாம்

வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் மேற்பார்வையாளர் இஸ்திரியின் தோளில் கைபோட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். கடைசியில் குரல் மேலே ஏறி நின்றது. குரல் ஏறினால் அது கேள்வி. கேள்வி என்றால் பதில் ஆமாம். இஸ்திரி ஆமாம் என்றான். அவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மடிப்பு மேசையிலிருந்த பெண்கள் இருவர் கைதட்டினார்கள். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற பெரிய கூடம் அது. தேய்க்கும் உருளை இயந்திரத்தின் வாய்ப்பக்கம்தான் அவனுடைய இடம். ஈரத் துணியின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து, சுருக்கம் விழாமல் உள்ளே கொடுக்க வேண்டும். பதினோரு வருடமாக அதையே செய்வதால் கூட இருந்த தமிழர்கள் வைத்த பெயர் இஸ்திரி. அவர்களெல்லாம் வேறு வேலை பார்த்துப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இந்த ஊர்ப் பாஷை வகுப்புக்குப் போகலாம் என்றுதான் இருந்தான். ஷிப்ட் ஒத்துவரவில்லை. பிறகு கூச்சம் வந்தது. அப்புறம் வருடங்கள் ஓடி, இனிமேல் போய் 'என் பெயர் இன்னது' என்று ஆரம்பித்தால் சிரிப்பார்களே என்று ஆகிவிட்டது. நாற்பது ஐம்பது வார்த்தைகளும் ஓர் ஆமாமும் கையில் இருந்தன. அவற்றை வைத்தே காலத்தை ஓட்டினான். பெரிய சேதமில்லை. ஒருமுறை எதிர்வீட்டுக்காரியிடம் ஆமாம் சொன்னதில் நான்கு நாள் அவள் நாயோடு குடித்தனம் செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த ஆமாம் அப்படி லேசில் விடவில்லை. சனிக்கிழமை முழுக்க அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். வேலையை விட்டு அனுப்புகிறவர்கள் கை குலுக்குவார்களா? குலுக்கித்தான் அனுப்புவார்கள் என்றும் தோன்றியது. ஆனால் கைதட்டுவார்களா? இந்த வேலையைக் காட்டித்தான் எட்டு மாதம் முன்பு மனைவியை அழைத்து வந்திருந்தான். வேலை போனால் இருவரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி சாப்பாட்டு மேசையில் வகுப்புப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நூலகத்து மாடியில் வாரம் மூன்று நாள் அவளுக்குப் பாஷை வகுப்பு. அவன் எதிரில் உட்கார்ந்திருந்தான்; டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

“என்னங்க, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?”

“வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் ஏதோ சொன்னார். நான் சரின்னுட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“அதுதான் தெரியல.”

“மெஷின் சத்தத்துல காதுல விழலையா?”

சத்தம் என்று சொல்லியிருக்கலாம். நல்ல வாய்ப்பு அது. ஏன் சொல்லவில்லை என்று அவனுக்கே விளங்கவில்லை.

“விழுந்துச்சு. நல்லாவே விழுந்துச்சு. எனக்கு இந்த பாஷை வராது.”

அவள் பேனாவை மூடி வைத்தாள். “பதினோரு வருஷம்.”

“ம்.”

“அப்ப போன மாசம் டாக்டர் என்னை நிறைய தண்ணி குடிக்கச் சொன்னாருன்னீங்களே?”

“தண்ணி குடிச்சா யாருக்கு என்ன கெடுதல்?”

“அவர் அஞ்சு நிமிஷம் பேசினாருங்க. அஞ்சு நிமிஷமும் தண்ணிதானா?”

அவன் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தான். கோபப்படுகிறாளா, அழப்போகிறாளா, அவள் முகத்தையும் அவனால் வாசிக்க முடியவில்லை.

“டாக்டர்கிட்ட நானே போய்க் கேட்டுக்கறேன்,” என்றாள் கடைசியில். “சூப்பர்வைசர் சொன்னதுல ஒரு வார்த்தையாவது பிடிபட்டுச்சா?”

நான்கு பிடிபட்டிருந்தன. திங்கள், இரண்டு, புதிது, உன்னுடைய. அவள் அவற்றை நோட்டில் இடைவெளி விட்டு எழுதிப் பார்த்தாள்.

“ரெண்டு புது மெஷின் வருதோ என்னவோ.”

“மெஷின் வந்தா எனக்கு ஏன் கை குடுக்கணும்?”

“ரெண்டையும் உங்க தலையில கட்டிட்டாங்க போல.”

திங்கட்கிழமை காலை விடை நான்கு கால்களில் வந்து நின்றது. மடிப்புக் கலையாத நீலச் சட்டையில் இரண்டு புது ஆட்கள்.

“அண்ணே, வணக்கம்ணே,” என்றான் இளையவன். “நம்மாளு ஒருத்தர் இருக்கார், எல்லாத்தையும் தமிழ்லயே எடுத்துச் சொல்வார்னு ஏஜென்ட் சொன்னார். அப்பதான் எங்களுக்கு உசுரே வந்துச்சு.”

இஸ்திரிக்குப் புரிந்தது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிறவனை, எல்லாம் தெரிந்தவன் என்று மேற்பார்வையாளர் நினைத்துவிட்டார். அதில் அவர் தப்பு என்ன இருக்கிறது என்று யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை.

மேற்பார்வையாளர் இயந்திரத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். முதல் பகுதிக்கு அவனுக்குப் பாஷை தேவைப்படவில்லை. “உருளைக்குள்ள விரல் போகக் கூடாது. போனா வெளிய வராது. துணி சிக்குச்சுன்னா இந்தச் சிவப்புக் கயித்தை இழுக்கணும்,” என்றான். இருவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

பிறகு அவர் ஒரு மஞ்சள் பெட்டிக்கு வந்தார். வெள்ளிக்கிழமை அது அங்கே இல்லை. விடுமுறையில் வந்து பொருத்தியிருக்கிறார்கள். அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார், விரலை ஆட்டினார், மறுபடி வைத்தார். பேச்சு நீண்டது. அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமா, தொடவே கூடாதா, துணி சிக்கும்போது மட்டும் தொட வேண்டுமா? மூன்றுமே பொருந்தின. அவர் குரல் மேலே ஏறி நின்றது.

நாக்கு நுனிவரை ஆமாம் வந்துவிட்டது.

“அண்ணே, அந்த மஞ்ச டப்பா எதுக்காம்?” என்றான் இளையவன். கேட்டுக்கொண்டே இயந்திரத்தின் விளிம்பில் கையை ஊன்றினான். உருளை அவன் விரல்களுக்கு ஒரு சாண் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தது.

இஸ்திரி அந்த விரல்களைப் பார்த்தான்.

“தெரியலப்பா.”

“வெளையாடாதீங்கண்ணே. பதினோரு வருஷ சர்வீஸ்னு சொன்னாங்க.”

“சர்வீஸ் இருக்கு. பாஷை இல்ல.”

பிறகு மேற்பார்வையாளரிடம் திரும்பி அவருடைய பாஷையில் சொன்னான்: “இல்லை.”

அவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். கேள்வியை மறுபடி கேட்டார். இல்லை என்றான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. இத்தனை வருடம் இவனிடம் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற மாதிரி அவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். தன்னை அனுப்பிவிடப் போகிறாரா என்று தெரியவில்லை. அவருக்கே இன்னும் தெரியாது போலிருந்தது. பின்னால் ஈரத்துணி வண்டிகள் வரிசை கட்டின. மடிப்பு மேசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மஞ்சள் பெட்டியில் கைவைத்து மெதுவாக, குறைந்த வார்த்தைகளில் சொன்னார். ஐந்தில் இரண்டு புரிந்தது.

“இல்லை,” என்றான் இஸ்திரி.

“அண்ணே,” இளையவன் கிசுகிசுத்தான், “அவர் கோவமா இருக்காரா?”

“அதுவும் தெரியல. நீ மொதல்ல கையை எடு.”

மேற்பார்வையாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.