பொய்ப் பெட்டி

ஜூன் 11, செவ்வாய். மழை.

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். விளையாட்டு முடிவதற்கு முன்பே கரடிப் பொம்மையின் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிட்டேன். குழந்தை சொல்லாமல் அதன் விளையாட்டில் கை வைக்கக் கூடாது என்று மாலை வகுப்பில் முதல் வாரமே சொல்லித் தந்தார்கள். நாகி என்னைத் தடுக்கவில்லை. தட்டு இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கரடியின் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். அது ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அடுத்த குழந்தைக்கு அறையை விட வேண்டிய நேரம் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

நாகிக்கு ஐந்து வயது. ஏப்ரலில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் பெரிய வகுப்புக்கு மாறியதிலிருந்து காலையில் வாந்தி. மதியச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. அவள் அம்மா ஒகாட்டா சான், டப்பாச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில் உற்பத்தி வரிசையில் நின்று வேலை செய்கிறவர். காப்பகத்திலிருந்து போன் வரும்போதெல்லாம் வரிசையை விட்டு ஓடிவர வேண்டியிருந்தது. இனிமேலும் ஓடினால் வேலைக்கு வரவே வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் குழந்தைகளின் பயங்களைக் கவனிக்கும் எங்கள் மையத்துக்கு மகளை அழைத்துவந்தார். பகலில் நான் இங்கே உதவியாளர், மாலையில் மாணவி. குராமொச்சி சாரின் மேற்பார்வையில் என் பயிற்சிக்கென்று தரப்பட்ட முதல் குழந்தை நாகி.

வேலை முறை எளிதுதான். குழந்தையின் பயத்துக்குள் ஓர் எண்ணம் இருக்கும். அதைப் பொம்மையின் வாயால் சொல்ல வைத்து, நிஜமா பொய்யா என்று இருவரும் சேர்ந்து துப்பறிய வேண்டும். பொய் என்றால் படமாக வரைந்து பொய்ப் பெட்டிக்குள் போடுவோம், ஒரு நட்சத்திரம் ஒட்டுவோம். பிறகு அடுத்த படி.

மே மாதம் ஒருநாள் கரடிக்கு என்ன பயம் என்று கேட்டேன்.

"சாப்பாட்டுக்கு நன்றி சொல்ல முடியாது," என்றாள்.

காப்பகத்தில் சாப்பிட்டு முடித்ததும் எல்லாக் குழந்தைகளும் கைகூப்பி ஒரே குரலில் நன்றி சொல்வார்கள். தட்டில் மிச்சம் வைத்த குழந்தை சொல்லக் கூடாது. மற்றவர்களுக்குத் தூங்கப் பாய் விரித்தபின்னும் அது மேசையிலேயே உட்கார்ந்திருக்கும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். அதனால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

"அப்புறம் என்னாகும்?"

"டீச்சர் வாயைப் பொத்துவாங்க. முழுங்கற வரைக்கும்."

"அது நிஜமா, இல்ல பயம் சொல்ற பொய்யா?"

நாகி என் முகத்தையே பார்த்தாள். யோசிக்கிறாள் என்று நினைத்தேன். என்ன பதில் வேண்டும் என்று என் முகத்தில் தேடியிருக்கிறாள். எந்த டீச்சராவது அப்படிச் செய்வாங்களா என்று நான் சிரித்தேன்.

"பொய்," என்றாள். வாயைப் பொத்தும் கையை வரைந்தாள். ஐந்து விரலையும் சரியாக வரைந்திருந்தாள். நட்சத்திரம் கொடுத்தேன். 'நல்ல முன்னேற்றம்' என்று சார் குறிப்பெழுதினார்.

இன்று மாலை விளையாட்டு முடிந்ததும், காப்பகத்திலிருந்து நாகியைக் கூட்டிவந்து வெளியே காத்திருந்த ஒகாட்டா சான் மழைக்கோட்டோடு உள்ளே வந்தார். நெற்றியில் தொழிற்சாலைத் தொப்பியின் தடம். அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

"இயோரி டீச்சர், இன்னைக்குத் தட்டு முழுக்கக் காலி. வகுப்பு டீச்சர் வாசல் வரைக்கும் வந்து சொன்னாங்க. முன்னாடியெல்லாம் துப்பிடுவாளாம். இப்ப லேசா வாயைப் பொத்தினா அடம் பண்ணாம முழுங்கிடறாளாம். மையத்துல நல்லாப் பழக்கியிருக்காங்கன்னு உங்களை ஒரே பாராட்டு."

நான் குறுக்கிட்டேன். "பொத்தினாங்களா?"

"லேசாத்தான்," என்றவரின் சிரிப்பு பாதியில் நின்றது. "இவ என்கிட்ட சொன்னா டீச்சர். போன மாசமே சொன்னா. பயம் சொல்ற பொய்டி அது, இயோரி டீச்சர் சொல்லிக் குடுத்தாங்கல்லன்னு நான்தான் அதட்டினேன். நீங்கதானே பொய்னீங்க?"

நான்தான். கட்டாயப்படுத்திய கையைவிட என் பெட்டி அவளை நன்றாக அடக்கியிருக்கிறது. இனி அவள் யாரிடமும் சொல்லாதபடி, சொன்னாலும் யாரும் நம்பாதபடி, நட்சத்திரம் ஒட்டி முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

குராமொச்சி சார் அறையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "முதல்ல காப்பகத்தோட பக்குவமாப் பேசுவோம். அவங்களோட உறவு கெட்டுடக் கூடாது."

"யாரோட உறவு சார்? இவ வாயைப் பொத்தினவங்களோடயா?"

"இயோரி, குரலைத் தணி. நீ ஒரு தடவையாவது அங்க போய்ப் பார்த்தியா?"

"நீங்க போகச் சொன்னீங்களா?"

இரண்டு மாதமாக நாங்கள் பொம்மைக் கரடிக்குப் பொம்மைத் தக்காளியை ஊட்டிக்கொண்டிருந்தோம். ஒருவராவது எழுந்து, தெரு முனையில் இருக்கும் காப்பகத்துக்குப் போய், ஒரு மதியச் சாப்பாட்டைப் பார்க்கவில்லை.

காலணி அலமாரியருகே நாகி மழைக்காலணி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஸ்டாரைத் திருப்பித் தரணுமா?" என்றாள்.

மண்டியிட்டேன். "வேணாம். நீ சொன்னது நிஜம். பொய்னு சொன்னது நான். என் தப்பு."

மற்றக் காலணியையும் மாட்டினாள். பிறகு காலணிக் காலால் என் முட்டியில் ஓங்கி உதைத்தாள். ஒகாட்டா சான் அவள் கையைப் பிடித்து இழுத்தார். விடுங்கள் என்றேன். இன்னொரு முறை உதைத்தாள். இரண்டு மாதத்தில் அவளிடம் நான் பார்த்த ஒரே கோபம் இது.

"எங்க க்ளாஸ் தோவாவுக்கும் பொத்துவாங்க," என்றாள். "அவன் அழுதுட்டே முழுங்குவான்."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். முதலில் நகராட்சியின் குழந்தைகள் பிரிவுக்கு. பிறகு காப்பகத்துக்கு. "வருகைன்னா முன்கூட்டியே சொல்லணுமா? இப்ப சொல்லிட்டிருக்கேன்ல, இதுதான் முன்கூட்டி," என்றார்.

"நாளைக்கு நான் லீவு போட முடியாது," என்று ஒகாட்டா சான் யாரையும் பார்க்காமல் சொன்னார். "போட்டா அதோட அவ்வளவுதான். ஆனா அங்க அனுப்ப மாட்டேன்."

நாளை செய்ய வேண்டியது:

காலை ஏழு மணிக்கு மையத்தைத் திறக்க வேண்டும். ஒகாட்டா சான் வேலைக்குப் போகும் வழியில் நாகியை விட்டுவிட்டுப் போவார். பகல் முழுக்க அவளோடு சார் இருப்பார். பதினொன்றரைக்கு நான் நகராட்சி ஆளோடு காப்பகத்துக்குப் போக வேண்டும். பெரிய வகுப்பில், குழந்தைகளின் குட்டி நாற்காலியில், தோவாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். கைகள் இரண்டையும் மேசைமேல், அவன் பார்க்கிற மாதிரி வைத்திருக்க வேண்டும்.