ஆறு மாதம், பதினெட்டுக் கிலோ

லாரி டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் அரைடன். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். நான் எடைமேடையில் வேலை பார்க்கிறவன். லாரி வந்து இரும்புத் தட்டின் மேல் ஏறி நிற்கும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே எண்ணைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். காலி வண்டியை நிறுக்கும்போது எடையைக் கூட்டிக் காட்ட உள்ளே ஆள் பதுங்கியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். "இறங்குப்பா, சீட்டுக்குக் கீழ என்ன தேடுற?" என்று மைக்கில் கேட்பேன். இருபத்திரண்டு வருடத்தில் என்னை ஏமாற்றியவன் கிடையாது. ஏமாற்றியது நான்தான், அதுவும் என் சொந்தத் தங்கச்சியை.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒரு வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம், கையில் ஊசியோடு மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். அவள் புருஷனுக்குச் சர்க்கரை வியாதி, அவரால் சிறுநீரகம் கொடுக்க முடியாது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது நான் ஒருத்தன். ரத்தம் பொருந்தியது. வாயைத் திறந்து அவள் கேட்கவே இல்லை. "கடா மாதிரி இருக்கியே, ஒண்ணு போனா ஒனக்குத் தெரியவா போகுது?" என்று சிரித்தாள், அவ்வளவுதான். நான் கொடுக்கிறேன் என்றேன். அன்றைக்கு அது சுலபமாகத்தான் வாயில் வந்தது.

கொடுப்பவரைப் பார்க்கிற டாக்டரம்மா தனி. அந்த அறைக்குள் சொந்தக்காரர்களை விடமாட்டார்கள். என்னைத் தராசில் ஏற்றினார். நூற்றுப் பதினாலு கிலோ.

"உங்க சிறுநீரகம் நல்லா இருக்கு. அதச் சுத்தி இருக்கிற ஆள்தான் பெருசா இருக்காரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இந்த எடையில நாங்க கத்தி வைக்க மாட்டோம். ஆறு மாசத்துல தொண்ணூத்தாறுக்கு வாங்க, பாக்கலாம்."

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு விஷயம். இது கட்டாயம் இல்ல. மனசு ஒப்பலன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. 'ஆகாது'ன்னு வீட்டுல சொல்லிடுவோம். ஏன்னு யாருக்கும் சொல்ல மாட்டோம். எல்லாருக்குமே இதச் சொல்றதுதான் எங்க வழக்கம்."

அந்தச் சொல் என் வயிற்றில் பால் வார்த்தது.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இத்தனை சுற்றி வந்தேன். சின்ன வயதிலிருந்து என் உடம்பில் ஒரு தையல்கூட விழுந்ததில்லை. தப்பித்தோம் என்று மனசு துள்ளியது. சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கிற நேரம் வரைக்கும்தான் அந்தத் துள்ளல். அதற்குள் காதெல்லாம் சூடாகிவிட்டது. வெளியே போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்று புரியவில்லை.

வெளியே தங்கச்சியும் மாப்பிள்ளையும் என் மனைவியும் நின்றிருந்தார்கள். "என்னண்ணா சொன்னாங்க?" என்றாள். எடை என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே துள்ளியதன் வெட்கம் இன்னும் அடங்கவில்லை. எடை என்று சொன்னால், அந்தத் துள்ளலும் கூடவே வந்து விழுந்துவிடும் போல இருந்தது.

"இப்போதைக்கு ஆகாதாம். காரணம் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். "சரி விடுண்ணா. வா, டீ குடிக்கலாம்" என்றாள். அந்தப் பார்வையை நான் வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே ஷூ வாங்கினேன். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர் ஒரு தாள் கொடுத்திருந்தார். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, அதுபோல எட்டுத் தடவை. படிக்கும்போது சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. முதல் நாள் தெருவில் ஆரம்பித்தேன். நாற்பதாவது விநாடியில் நாக்கு தள்ளிவிட்டது. நான் நின்ற பிறகும் வயிறு இரண்டு அடி ஓடி நின்றது. பைக்கில் போன ஒருவர் பதறிப்போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "பஸ்ஸ விட்டுட்டீங்களா சார்? ஏறுங்க, அடுத்த ஸ்டாப்புல பிடிச்சிடலாம்" என்றார். நல்ல மனிதர். அவர் மனம் கோணக்கூடாது என்று ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு ஓட்டத்தை நான் வேலை பார்க்கிற லாரி யார்டுக்கு மாற்றினேன். காலை ஏழரைக்குத்தான் முதல் லாரி உள்ளே வரும். நான் ஆறுக்கே போய்விடுவேன். வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டு, "நீங்க ஓடுங்க சார், நான் இந்தப் பக்கம் பாக்கவே மாட்டேன்" என்பார். பிறகு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவார். டயர் அடுக்கு, டீசல் டேங்க், பழைய கன்டெய்னர், எடைமேடை என்று சுற்றி வந்தால் ஒரு ரவுண்டு கால் கிலோமீட்டர். மேடை இரும்பின் மேல் ஓடும்போது தடதடவென்று அதிரும். லாரி ஏறினால்கூட அப்படிச் சத்தம் வராது.

ஓடுகிறவர்கள் சொல்லாத விஷயங்கள் நிறைய. தொடை இரண்டும் உரசிப் புண்ணாகும். வாஸ்லின் தடவாமல் வெளியே காலெடுத்து வைக்க முடியாது. கணுக்காலுக்கு மேலே எலும்பு விண்விண்ணென்று தெறிக்கும். மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடியும். குனிந்து ஷூ கயிறு கட்டுவதற்குள்ளேயே பாதி மூச்சு போய்விடும். முதல் பத்து நாளில் மூன்று நாள் நான் போகவே இல்லை. மழை என்றேன், முழங்கால் என்றேன், ஷூ கடிக்கிறது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால், என்னிடமேதான். வேறு யாருக்குத்தான் தெரியும், நான் எதற்கு ஓடுகிறேன் என்று?

வீட்டில் அது வேறு விதமாக வெடித்தது.

"தங்கச்சி அங்க ஊசியோட படுத்திருக்கா. ஒங்களுக்கு இங்க புது ஷூ கேக்குது, ஓட்டம் கேக்குது. நாலு வாரமா அவளப் போய்ப் பாக்கல. மனுஷனா நீங்க?" என்றாள் மனைவி.

எருமை மேல் மழை பெய்த மாதிரி நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யை எடுத்து வைத்துவிட்டால் ஒவ்வொரு நாளும் அதன் மேல் ஒரு மூட்டை ஏறுகிறது. தொண்ணூற்றாறு என்று தராசு காட்டட்டும், அன்றைக்கு நேரே தங்கச்சி வீட்டு வாசலில் போய் நிற்போம், அதுவரைக்கும் திட்டு வாங்குவோம் என்று வீம்பு பிடித்தேன். வீம்பு என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அதற்கு ரோஷம் என்று பெயர் வைத்திருந்தேன்.

எடை பார்க்க எனக்கு இருந்தது எடைமேடைதான். வீட்டில் மெஷின் வாங்கி வைத்தால் கேள்வி வரும். மேடையோ பத்துக் கிலோவுக்கு ஒரு முறைதான் எண் மாறும். அறுபது டன் தாங்குகிற இரும்புக்கு என் நாலு கிலோவெல்லாம் எந்த மூலைக்கு? முதல் நாள் ஏறி நின்றுவிட்டு உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால் பூஜ்யம் காட்டியது. நான்தான் இறங்கிவிட்டேனே! பிறகு கண்ணாடிக்கு வெளியே தெரிகிற மாதிரி எண்பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு ஏறினேன். நூற்றுப் பத்து. அடுத்த வாரமும் நூற்றுப் பத்து. ஐந்தாவது வாரமும், ஏழாவது வாரமும் அதேதான். பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது, மேடையின் எண் மட்டும் அசையவில்லை. இப்படித்தான் காட்டும் என்று எனக்குத் தெரியாதா? அந்த மெஷினோடு குடும்பம் நடத்துகிறவன் நான். இருந்தும் தினமும் ஏறிப் பார்த்தேன், தினமும் மனசு விட்டது.

பதினோராவது வாரம் ஒரு காலையில் நூறு என்று காட்டியது. இறங்கி, திரும்ப ஏறி, மறுபடி பார்த்தேன். நூறுதான். வாட்ச்மேனைப் பார்த்துக் கையை ஆட்டினேன். எதற்கு என்று தெரியாமலே அவரும் ஆட்டினார். அதற்குள் ஐந்து நிமிடம் நிற்காமல் ஓட வந்திருந்தது. ஓடும்போது சில நேரம் இடது விலாவுக்குக் கீழே கை வைத்துக்கொள்வேன். இங்கேதான் எங்கேயோ இருக்கிறது, போகப் போவது இதுதான் என்று நினைப்பேன். உடனே பயம் வரும். நின்றால் இன்னும் அதிகமாக வரும் என்பதால் ஓடிக்கொண்டே இருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து, மெஷினுக்குப் போகாத ஒரு நாள் காலை, தங்கச்சி யார்டுக்கே வந்துவிட்டாள். மாப்பிள்ளை அவளை கேட்டில் இறக்கிவிட்டு பெட்ரோல் போடப் போனார். நான் டீசல் டேங்க் பக்கம் திரும்பும்போது, என் அறைப் படியில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள். மெஷினுக்காக ஊசி குத்துகிற இடது கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி சொன்னாங்க, நீ ஓடுறேன்னு. ஏதோ போட்டிக்குப் போறியாமே" என்றாள்.

"போட்டியா? நானா?" எனக்கு மூச்சு வாங்கியது.

"உக்காரு. நான் சண்டைக்கு வரல." அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "எங்க ஹால்ல பன்னெண்டு பெட்டு. நாலு மணி நேரம் படுத்துக்கிட்டு வேற என்ன பண்றது, ஊர்க்கதை எல்லாம் பேசுவோம். 'காரணம் சொல்லல'ன்னு ஒருத்தர் வந்து சொன்னா என்ன அர்த்தம்னு அங்க எல்லாருக்கும் தெரியும். பக்கத்து பெட்டு அக்காவோட தம்பியும் அதேதான் சொன்னாரு. நீ அன்னிக்குச் சொன்னவுடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒன் உடம்பு, ஒன் இஷ்டம். நான் கோவிச்சுக்கல. பொய்... கோவிச்சுக்கிட்டேன். இப்ப இல்ல. செத்தவங்க கிட்னி குடுக்கிற லிஸ்டுல பேரு குடுத்துட்டோம். இனிமே நீயே மனசு மாறி வந்தாலும் எனக்கு வேணாம்ண்ணா. ஆனா வீட்டுக்கு வராம இருக்காத. இத்தன நாளு நீ வராம இருந்ததுதான் தாங்கல."

"நூத்திப் பதினாலு" என்றேன்.

"என்னது?"

"அன்னிக்கு என் எடை. தொண்ணூத்தாறுக்கு வந்தாத்தான் எடுப்பாங்களாம். அதுக்குத்தான் ஓடுறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஷூவைப் பார்த்தாள், நனைந்து ஒட்டிக்கொண்டிருந்த பனியனைப் பார்த்தாள். பிறகு நல்ல கையால் என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"இதச் சொல்றதுக்கு ஒனக்கு என்ன கேடு? மூணு மாசம்! மூணு மாசமா அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு ஒன்னத் திட்டிட்டே இருந்தேன் பாவி! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அழுதாள். சிரிக்கவும் செய்தாள். அந்த இடத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். அவள் கண்ணில் நான் தெய்வமாகிவிட்டேன் என்று தெரிந்தது. அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். "வேணாம்னா சொல்லுங்க, யாருக்கும் தெரியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அதனாலதான் எடைய ஒங்கிட்ட சொல்ல வாய் வரல. நீ நெனச்சது முழுசா தப்பு இல்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. வாட்ச்மேன் எங்கேயோ தகரத்தை இழுக்கிற சத்தம் கேட்டது.

"இப்ப?" என்றாள்.

"இப்பவும் பயந்தான். மேடை நூறுன்னு காட்டினாலும் இன்னும் ஆறேழு கிலோ இருக்கும். அது கொறஞ்சுட்டா நெஜமாவே படுக்கணுமேன்னு வேற பயம் வருது."

அவள் புடைத்த நரம்பை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தாள். எழுந்து போயிருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"ஒன் எடத்துல நான் இருந்தா ஓடியிருக்க மாட்டேன்ண்ணா" என்றாள். "நல்லாத் தின்னு இன்னும் நாலு கிலோ ஏத்திக்கிட்டு, 'ஐயோ ஆகலையே'ன்னு ஒன் கட்டில் பக்கத்துல உக்காந்து அழுதிருப்பேன். சத்தியமா."

பொய் சொல்கிறாளோ என்று பார்த்தேன். பதுங்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நிஜத்தைத்தான் சொன்னாள்.

"இன்னிக்கு இன்னும் எத்தன ரவுண்டு இருக்கு?" என்றாள்.

"மூணு."

"அப்ப ஏன் எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? எழுந்திரு. ஓடு."

எழுந்தேன். முழங்கால் இரண்டும் மடக்கென்று சத்தம் போட்டன. கன்டெய்னரைத் தாண்டும்போது கேட்டில் மாப்பிள்ளையின் ஹாரன் கேட்டது. இரண்டாவது முறையும் அடித்தார்.

"சும்மா அடிக்காதீங்க, இருங்க!" என்று படியிலிருந்து அவள் கத்தினாள். "அண்ணன் ஓடி முடிக்கட்டும்!"