கைப்பிடி அவன் பக்கமாக

“துணிப்பையைக் கீழ வை.”

“வைக்க மாட்டேன்.”

“உங்கண்ணன் வந்தா நான் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவேனா? வெள்ளை உடுப்பு மாட்டிக்கிட்டு வாரத்துக்கு ரெண்டு நாள் டான்ஸ் ஆடுறவன்தானே அவன்.”

“ஆடுறாரோ பாடுறாரோ, பொண்டாட்டி பல்லை உடைக்கல.”

மாடிப்படியில் நின்று இதைக் கேட்டேன். பேசியது என் தங்கையும் அவள் புருஷனும். அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் அரைநாள் லீவு போட்டு வந்திருந்தேன். நான் லிஃப்ட் மெக்கானிக். சண்டை போட்டுப் பழக்கமில்லாத ஆள். அடுத்து வந்தது பேச்சு இல்லை. தலை சுவரில் மோதினால் ஒரு சத்தம் வருமே, அது. ஒருமுறை கேட்டால் மறக்காது. மூன்றுமுறை கேட்டது.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே போனபோது அவள் தலைமயிர் அவன் இடது கையில் சுற்றியிருந்தது. சுவரில் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

“மாப்பிள, அவள விடுங்க.”

விட்டான். விட்ட கையோடு மேசைக்குப் போனான். அவன் சோபா தைக்கிறவன். ஃபோம் அறுக்கிற கத்தி மேசைமேல் கிடந்தது. முழங்கை நீளம், காகிதம் மாதிரி மெலிசு. தினமும் தீட்டுவான்.

“வாங்க மச்சான். இன்னைக்கு எங்க வீட்டுல ஆடிக் காட்டுங்க.”

வயிற்றைப் பார்த்துக் குத்தினான். குத்து வந்த இடத்தில் நான் இல்லை. எப்போது விலகினேன் என்று இன்றுவரை தெரியாது. அவன் மணிக்கட்டு என் கையில் இருந்தது, முறுக்கினேன், உள்ளே எலும்பு சொடுக்கியது. கத்தினான், முட்டி போட்டு விழுந்தான். கத்தி என் கைக்கு வந்துவிட்டது. இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. தங்கை சுவரைப் பிடித்து எழுந்தாள். அவள் முகத்தில், ரத்தத்துக்கு நடுவில், சின்னதாக ஒரு சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். அதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

என் கை அவன் மணிக்கட்டை விட்டது. ஒரு அடி பின்னால் வைத்தேன். கத்தியைத் திருப்பினேன், முனை என் பக்கம், கைப்பிடி அவன் பக்கம். நீட்டினேன். என் வாய் “இன்னொரு தடவை” என்றது.

நான் பதினோரு வருடமாகத் தற்காப்பு வகுப்புக்குப் போகிறேன். என் ஜோடி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் ரப்பர் கத்தியால் குத்துவார், நான் விலகி, பிடித்து, முறுக்கி, பிடுங்குவேன். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்தால்தானே அவர் மறுபடி குத்த முடியும். கைப்பிடியை நீட்டி “இன்னொரு தடவை” என்பேன். ஒரு வகுப்புக்கு இருபது தடவை. கணக்குப் போட்டால் இருபதாயிரத்துக்கு மேல். “யோசிக்கிறவன் குத்து வாங்குவான். கை தானா போகணும்” என்பார் மாஸ்டர். போனது. ஆரம்பம் முதல் கடைசிவரை, ஒன்றைக்கூட விடாமல் போனது.

மாப்பிள்ளை ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கே புரியவில்லை. பிறகு இடது கையால் வாங்கிக்கொண்டான். நான் கால்களை அகட்டி, என் வயிற்றுக்கு வரப்போகிற குத்துக்காகத் தயாராக நின்றேன். வகுப்பில் கத்தி எப்போதும் என்னை நோக்கித்தான் வரும்.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

அவள் வலது கையை நீட்டிக் கத்தியையே பிடித்தாள். அவன் உருவினான். இரண்டாவது குத்து தோள்பட்டை எலும்புக்குக் கீழே இறங்கியது. அதன் பிறகு நான் செய்ததற்கு எந்த வகுப்பிலும் பெயர் கிடையாது. முக்காலியை எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். முக்காலி உடைந்த பிறகு அதன் காலால் அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரிக்க முடிந்தது.

தங்கை பிழைத்துவிட்டாள். வலது கையில் நான்கு விரல் மடங்காது.

வாக்குமூலம் எழுதிய போலீஸ்காரர், “நீங்களே குடுத்தீங்களா?” என்று கேட்டார்.

“ஆமா சார்.”

“பயந்து போயா?”

“இல்ல சார்.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

தங்கை எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என் மனைவிதான் சாப்பாடு ஊட்டிவிடுகிறாள். தங்கை என்னிடம் அதைப் பற்றி ஒரே ஒருநாள்தான் பேசினாள்.

“ஏண்ணா குடுத்தே?”

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

“புடுங்கினப்ப நீ புடுங்கினே. குடுத்தப்ப மட்டும் கை குடுத்துச்சா?”

அதற்கு அப்புறம் என்னிடம் பேசுவதில்லை. மனைவியிடம் மட்டும், “எத்தனையோ தடவை என்னைத் திருப்பி அவன்கிட்டயே அனுப்பி வச்சவர்தானே அண்ணி” என்றாளாம். அது உண்மை. பல் உடைந்த அன்றுகூட நான்தான் சமாதானம் பேசிக் கொண்டுபோய் விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனேன். இனிமேல் பிடுங்கினால் கத்தியைத் தூர எறிவது என்று கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்லிவைத்தேன். முதல் தடவை எறிந்தேன். இரண்டாம் தடவையும் எறிந்தேன். நடுவில் அவர் தன் மகளின் பரீட்சையைப் பற்றி ஏதோ சொன்னார், நானும் பதில் சொன்னேன். பார்த்தால் கத்தி அவர் கையில் இருக்கிறது. குத்துவதற்குத் தயாராக நிற்கிறார். நான் கொடுத்தது எனக்குத் தெரியவில்லை, வாங்கியது அவருக்கும் தெரியவில்லை. அதை நான் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் பயிற்சி செய்கிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் கை இப்படி உங்களைக் கேட்காமல் எதையாவது செய்திருக்கிறதா? எத்தனை வருடப் பயிற்சி, என்ன நடந்தது, கீழே எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம். அப்படியெல்லாம் நடக்காது, நான் பொய் சொல்கிறேன் என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள். என் தங்கை போனில் இடது கை விரலால் தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் படிப்பாள்.