மூன்றாவது கடற்கரையில் இறங்கியவள்

டவுன் பஸ் ஓட்டுபவரைக் கட்டிக்கொண்டால் சுற்றுலாவும் டவுன் பஸ்தான். கடலோரத் தேசியப் பூங்காவுக்குள் ஏழு கடற்கரைகள். ஒரே பகலில் ஏழையும் பார்த்தே தீருவது என்று ஓட்டுநருக்கு வைராக்கியம். நிறுத்த வேண்டியது, போட்டோ எடுக்க வேண்டியது, ஹாரன் அடிக்க வேண்டியது. பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று அவர் தங்கைக்குக் காரில் முன்சீட்டு. மனைவிக்குப் பின்சீட்டு, மடியில் சாப்பாட்டுக் கூடை, காலடியில் தண்ணீர் கேன்.

மனைவிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கடலில் இறங்கி ஆசை தீர ஒரு குளியல். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். "இந்தத் தடவை கண்டிப்பா" என்று அவர் சூடம் அடித்துச் சத்தியம் செய்யாத குறை.

முதல் கடற்கரையில் செருப்பைக் கழற்றினாள், ஹாரன். இரண்டாவதில் புடவையைத் தூக்கிச் செருகினாள், ஹாரன். பல்லைக் கடித்துக்கொண்டு வந்து ஏறினாள். மூன்றாவதில் செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, "தண்ணில இறங்கிட்டு வரேன், கொஞ்சம் இருங்க" என்று சொல்லிப் பாறைப் படிகளில் இறங்கினாள். போட்டோ மும்முரத்தில் இருந்தவர் காதில் அது ஏறவில்லை.

ஓட்டுநருக்கு முன்னால் பார்த்து ஓட்டியே பழக்கம். பின்னால் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்பது நடத்துநர் பாடு. "ஏறியாச்சா?" என்றார். காலையிலிருந்து விளையாட்டாக நடத்துநர் வேலை பார்த்துவந்த தங்கை, கைப்பேசியை விட்டுத் தலையைத் தூக்காமலே "ரைட்!" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

சத்தம் கேட்டு மனைவி மேலே ஓடிவந்தபோது புழுதிதான் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

"கூடையை விட்டுட்டுப் போயிருந்தா உடனே தெரிஞ்சிருக்கும்!" என்று ஆளில்லாத சாலையைப் பார்த்துக் கத்தினாள். விறுவிறுவென்று இறங்கிப்போய்ப் புடவையோடு கடலில் விழுந்தாள். ஆத்திரத்தில் அலையை ஓங்கி அடித்தாள். அது திருப்பி அடித்தது. பரவாயில்லை, அதுவாவது அவளைக் கவனித்தது.

வெகுநேரம் கழித்து அண்ணனும் தங்கையும் அரக்கப் பரக்கப் படியிறங்கி வந்தார்கள்.

"இவ ரைட்னு சொன்னா, வண்டிய எடுத்துட்டேம்மா!"

"எப்பத் தெரிஞ்சுது?"

"அடுத்த பீச்ல, எங்க ரெண்டு பேரையும் போட்டோ எடுக்கச் சொல்லி போனை நீட்டினேன். வாங்க ஆளில்ல."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அன்றைக்கு மட்டுமாவது ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"அப்ப போட்டோ எடுக்கத்தான் நான்?"

"அப்படியில்லம்மா, பயந்தே போயிட்டேன். சரி, சீக்கிரம் ஏறு. இன்னும் மூணு பாக்கி இருக்கு."

அவளுக்கு வந்த கோபத்தில் கடலே கொதித்திருக்க வேண்டும்.

"மூணையும் நீங்களே போய்ப் பாருங்க. நான் இன்னும் இந்த ஒண்ணையே பாத்து முடிக்கல."

"தப்பு என்மேலதான் அண்ணி" என்று முனகிக்கொண்டே நாத்தனாரும் தண்ணீரில் இறங்கினாள். அண்ணி அவளையும் ஒரு முறை முறைத்துவிட்டு, போனால் போகிறது என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டுநர் மணலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாது. இத்தனை வருஷம் நான் இருந்தேன்ல, இன்னிக்கு ஒரு நாள் நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டி அடுத்த அலைக்குள் முங்கினாள்.