கர்ப்பிணிப் பட்டியலில் ஜெயப்பிரகாஷ்

அந்தப் படிவத்தில் பதினான்கு கட்டங்கள். பதின்மூன்றை அனுப்பிரியா சரியாகத்தான் நிரப்பினாள். பதினான்காவதில்தான் எல்லாம் நடந்தது.

2020 மே மாதம். ஊரடங்கில் பஸ் இல்லை, ரயில் இல்லை. வளைகாப்பு முடிந்து அனுப்பிரியா சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் கணவன் ஜெயப்பிரகாஷ் மஸ்கட்டில் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியை மூடி ஆறு வாரம். கேம்ப்பில் ஓர் அறையில் எட்டுப் பேர். அவன் அம்மா மாரியம்மாள் கடலூரில் தனியாக. பிள்ளை பிறப்பதற்குள் அவன் வந்துவிட வேண்டும்; மூன்று பேருக்கும் போனில் வேறு பேச்சே கிடையாது.

மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர விமானம் விடுகிறார்கள் என்று செய்தி வந்தது. முதலில் தூதரகத்தில் பெயர் பதிய வேண்டும். அவன் போனில் நெட் நிற்கவில்லை. "நீ பி.காம் படிச்சவ, நீயே போட்டுடு" என்றான்.

பதினான்காவது கட்டம், ஊர் திரும்பக் காரணம். வேலை இழப்பு, விசா முடிந்தது, நோய், முதுமை, கர்ப்பம், வீட்டில் சாவு என்று வரிசையாக இருந்தது. ஒன்றைத்தான் தொடலாம். வேலை போனதற்காகவா அவன் வர வேண்டும்? அது போனால் இன்னொன்று. எதற்காக அவன் வர வேண்டும் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் அவள் வயிற்றைத்தான் காட்டுவார்கள். கர்ப்பம் என்பதைத் தொட்டாள். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் தொட்டிருப்பீர்கள்.

மூன்றாம் நாளே தூதரகத்திலிருந்து அவனுக்குப் போன் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சென்னை விமானம், நாளைக்குள் வந்து டிக்கெட் எடு என்று. அவனுக்கு முன்பே பதிந்துவிட்டுக் காத்திருந்த அறைக்காரர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம்.

"கவர்மெண்டுதான கூட்டியாருது, அப்பறம் எதுக்குக் காசு?" என்று கேட்டாள் மாரியம்மாள்.

"பிளைட்டு விடறதுதான் அவுங்க அத்தை. டிக்கெட்டு நம்ம காசு. ஜன்னலோரம், நடுவுல எல்லாம் ஒரே ரேட்டு. எந்த சீட்டு குடுக்குறாங்களோ அதுலதான் ஒக்காரணும்."

"எதுலயோ ஒக்காந்து வந்து சேரட்டும்."

மறுநாள் காலை அவன் இருவரையும் ஒரே அழைப்பில் பிடித்தான். குரல் இறங்கியிருந்தது.

"அனு, படிவத்துல என்னா போட்ட?"

"ஏன் மாமா?"

டிக்கெட் கவுண்ட்டரில் உதவிக்கு உட்கார்ந்திருந்தவர் ராமாமிர்தம், பண்ருட்டிக்காரர். தாளைப் பார்த்திருக்கிறார், இவனைப் பார்த்திருக்கிறார். எத்தனாவது மாசம் என்று கேட்டிருக்கிறார். இவனும் நிறை மாசம் சார் என்று சொல்லியிருக்கிறான். யாருக்கு? வீட்டுல. வீட்டுல எங்க? சிதம்பரத்துல. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்களாம்.

"அட பாவத்த" என்றாள் மாரியம்மாள். "எம் புள்ளைய புள்ளத்தாச்சின்னு எழுதி அனுப்பியிருக்கியே."

"பேர அடிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள் அனுப்பிரியா.

"இல்ல. லிஸ்ட்ல வந்தது வந்ததுதான், நான் அடிக்க மாட்டேன், எடுக்குறதுன்னா எடுன்னு சொல்றாரு. ஆனா..."

"அப்பறம் என்னா ஆனா? எடு" என்றாள் அவன் அம்மா.

"அந்தக் கட்டம் பிளைட்டுல பறக்குற புள்ளத்தாச்சிங்களுக்குத்தானாம்மா. அதுல இத்தன சீட்டுன்னு கணக்கு இருக்கு. அடுத்த பேரு சிந்துஜான்னு ஒரு நர்சு, குறிஞ்சிப்பாடி. இங்கயே பெஞ்சில ஒக்காந்திருக்காங்க. முப்பத்தி நாலு வாரம். இன்னும் ரெண்டு வாரம் போச்சுன்னா பிளைட்டுல ஏத்த மாட்டாங்க. அடுத்த சென்னை பிளைட்டு எப்பன்னு யாருக்கும் தெரியல."

"வீட்டுக்காரரு?" என்று கேட்டாள் அனுப்பிரியா.

"அவரு சவுதியில. இந்தப் பொண்ணு தனியாதான் இருக்கு."

அனுப்பிரியா ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்வீட்டு ஆட்டோ பத்து நாளாக அங்கேயே நிற்கிறது. எந்நேரமானாலும் கூப்பிடும்மா என்று ஆட்டோக்காரர் சொல்லி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். அம்மா சமையலறையில் கஞ்சிக்கு நொய் களைகிறாள். எல்லாம் இருக்கிறது, அவன் ஒருத்தன்தான் இல்லை. அந்த ஒருத்தன் இல்லாதது எவ்வளவு பெரிசு என்று இரவெல்லாம் புரண்டு படுத்தவளுக்குத்தான் தெரியும்.

"மாமா, அந்தக் கட்டத்துல இருந்து எறங்கிடுங்க."

"என்னாடி சொல்ற?" என்றாள் மாரியம்மாள்.

"எனக்கு வலி வந்தா ஆட்டோ வரும் அத்தை. அவுங்களுக்கு யாரு வருவா? தப்பாப் போட்டது நான்தான். வேல போச்சுன்னு மாத்திப் போடுறேன்."

"நீ போடுவ. நான் ஒத்தப் புள்ளைய எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கணும்." போனை வைத்துவிட்டாள். நான்கு நாள் மருமகளோடு பேசவில்லை. அவளைக் குறை சொல்லாதீர்கள். கைக்கெட்டிய மகனை நழுவ விட்டவள் அவள்.

வெள்ளிக்கிழமை சிந்துஜா ஏறிப் போனாள். ஜெயப்பிரகாஷ் புதுப் பட்டியலின் அடியில் போய் நின்றான். ஜூன் ஒன்பதாம் தேதி, எதிர்வீட்டு ஆட்டோவில் போய், அனுப்பிரியா பெண் குழந்தையைப் பெற்றாள். அந்தச் சேதி கேட்டதும் மாரியம்மாள் காய்கறி வண்டியில் இடம் கேட்டு ஏறிக் கடலூரிலிருந்து வந்து சேர்ந்தாள். பேத்தியின் காதைத் தடவிப் பார்த்து, "அவனுக்கு இருக்கறாப்பலயே மடிஞ்சிருக்கு" என்றாள்.

ஜூன் கடைசியில் அவனுக்கு இடம் கிடைத்தது. சென்னையில் இறக்கி, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, சிதம்பரத்திலேயே ஒரு ஹாஸ்டலில் ஏழு நாள் தனிமையில் வைத்தார்கள். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேட்டுக்கு உள்ளே அவன், வெளியே இவர்கள், நடுவில் பத்தடி.

"எந்த சீட்டு குடுத்தாங்க?" என்று கேட்டாள் அனுப்பிரியா.

"நடு சீட்டு. கடைசி மூணு வரிசைய காலியா வச்சிருந்தாங்க, வழியில யாருக்காச்சும் ஒடம்பு முடியலன்னா ஒக்கார வைக்க. ரெண்டு பக்கமும் ஆளு இருக்குன்னு நடு சீட்டுக்காரனுக்கு மட்டும் வெள்ளையா ஒரு கவுனு வேற."

"புள்ளத்தாச்சிக்குப் போடாம வேற யாருக்குப் போடுவாங்க?" என்றாள் மாரியம்மாள்.

கேட்டில் நின்ற காவலர்கூடச் சிரித்தார். அனுப்பிரியா குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி மெல்ல உயர்த்தினாள். அவன் முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கினான். பிறகு நினைவு வந்து ஏற்றிக்கொண்டான்.

எட்டாம் நாள் காலை ஹாஸ்டலிலிருந்து போன் செய்தான்.

"வெளிய விடறாங்க அனு. ஒரு படிவம் குடுத்திருக்காங்க. எங்க போற, யார்கிட்ட போறன்னு ஒரு கட்டம் இருக்கு. என்னா போட?"

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"இந்தத் தடவ நீங்களே போடுங்க மாமா."