ஆபீஸருக்காகப் பற்றவைத்த அடுப்பு

எங்கள் வீட்டை இரண்டாகப் பிரித்தவன் நான்தான். சண்டை போட்டுப் பிரிக்கவில்லை, பாடம் நடத்திப் பிரித்தேன். சண்டை போட்டுப் பிரிந்தவர்களாவது ஒரு கல்யாணம், காதுகுத்து என்று வந்தால் அழுது சேர்ந்துகொள்கிறார்கள். எனக்கு அந்த வழியும் இல்லை.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த டுடோரியலில் நான் அரசியல் அறிவியல் வாத்தியார். குரூப் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பாடம் எடுப்பேன். அதே தேர்வை நானும் அதற்குள் ஐந்து தடவை எழுதியிருந்தேன். என்னிடம் படித்தவர்களில் மூன்று பேர் பாஸாகி அரசாங்க ஆபீஸ்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் வைப்பார்கள். நானும் வணக்கம் வைத்துவிட்டு மனுவை நீட்டுவேன்.

தேசம், அரசு, தேச அரசு: இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விதான் என்னுடைய சிறப்புப் பாடம். நம் பிள்ளைகளுக்கு அரசு என்றால் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும். தேசம் என்றால் கிரிக்கெட். அதனால் நான் எங்கள் வீட்டை உதாரணமாகச் சொல்வேன். நாமெல்லாம் ஒன்று என்று ஒரு கூட்டம் மனதுக்குள் நினைத்தால் அது தேசம். அதற்கு எல்லை வேண்டாம், முத்திரை வேண்டாம். எல்லை, சட்டம், முத்திரை, யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம், இதெல்லாம் இருந்தால் அரசு. எங்கள் வீட்டில் ஆறு பேர். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறோம், அது தேசம். ஆறு பேர் பெயரும் ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறது, அது அரசு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி இருப்பதால் எங்கள் வீடு ஒரு தேச அரசு. பிள்ளைகள் விழுந்து விழுந்து எழுதிக்கொள்வார்கள். இதை அப்படியே பரீட்சையில் எழுதிய ஒருவன் பாஸானான். நான் எழுதியபோது ஆகவில்லை.

அந்த அடுப்பு என் அண்ணி சாவித்திரியின் அடுப்பு. அம்மா போன மறு வருடம் அண்ணன் உலகநாதனைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் அப்போது பிளஸ் டூ. அன்றிலிருந்து அவர் கையால்தான் சாப்பிட்டேன். போதுமா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றெல்லாம் கேட்க மாட்டார். தட்டைப் பார்ப்பார், போடுவார். ஒவ்வொரு தடவையும் நான் தேர்வில் ஃபெயிலான அன்று ஒரு வார்த்தை கேட்காமல் கருவாட்டுக் குழம்பு வைப்பார். எனக்கு அது உயிர். தெருவில் இருப்பவர்கள் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து கருவாட்டு வாசனை வந்தால் ராஜவேலுக்கு ரிசல்ட் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். பேப்பர் வாங்க வேண்டிய அவசியமில்லை.

அண்ணிக்கு முறை தப்பினால் பிடிக்காது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார். கழுவித் துடைத்து, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார். என் டிபன் பாக்ஸை மட்டும், கழுவிக் கொண்டுவந்தால் கை தேய்ந்துவிடுமா என்று திட்டிக்கொண்டே வாங்கித் தொட்டியில் போடுவார்.

இந்த நிலையில்தான் இலவசக் கலர் டிவி வந்தது. கார்டுக்கு ஒரு டிவி என்றார்கள். எங்கள் வீட்டில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. அதில் அண்ணியும், என் மனைவி தேவியும், அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் சீரியல் பார்ப்பார்கள். உலகச் செய்திகளைப் பார்க்க வேண்டிய அரசியல் அறிவியல் வாத்தியார் கதவோரம் நிற்பார். கார்டு இரண்டானால் டிவி இரண்டாகும் என்று எனக்குத்தான் முதலில் தோன்றியது. தேவி மேல் பழி போட ஆசைதான், ஆனால் பொய் சொல்லக் கூடாது. அவள் எதற்கு வம்பு என்றுதான் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். தேசம் வேறு, அரசு வேறு. அரசைப் பிரிப்பதால் தேசம் பிரியாது. ஒரு தேசம் இரண்டு அரசுகளாக இருந்திருக்கிறது, சரித்திரத்தில் உதாரணம் உண்டு. கார்டு என்பது வெறும் காகிதம். இப்படியாக முக்கால் மணி நேரம். அண்ணன் பத்தாவது வரை படித்தவர். பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் சூளை வேலை. தம்பி படித்தவன், சொன்னால் சரியாக இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஐந்து ரிசல்ட் வந்தும் அது குறையவில்லை. அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப சோறு?"

"சோறு ஒரே அடுப்புலதான் அண்ணி. கார்டு மட்டுந்தான் ரெண்டு."

தாலுகா ஆபீஸில் வேறு மாதிரி சொன்னார்கள். தனி கார்டு வேண்டுமென்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும். நேரில் வந்து பார்ப்பார்கள். தனித் தடுப்பு, தனி அடுப்பு, தனிச் சாமான். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லை இல்லாத அரசு கிடையாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான்தானே.

தடுப்பை அண்ணன் கட்டினார். பீங்கான் சாமான்களை நெருப்பு நேராகப் படாமல் சூளையில் அடுக்குவதற்குத் தடித்த மண்பெட்டிகள் உண்டு. சில தடவை சூளைக்குப் போய் வந்தால் விரிசல் விட்டுவிடும். யூனிட்டுக்குப் பின்னால் குவித்து வைத்திருப்பார்கள். முதலாளியிடம் கேட்டு மூன்று சக்கர வண்டியில் இரண்டு நடை அடித்தார். அடுப்பங்கரைக்கு நடுவில் பெட்டிகளைப் படுக்கப் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக, கழுத்து உயரத்துக்கு அடுக்கினார். சிமெண்ட் வைக்கவில்லை. வந்து பார்த்துவிட்டுப் போனதும் ஒரு மணி நேரத்தில் பிரித்துவிடலாம் என்றார். எங்கள் பக்கத்துக்கென்று பின்னால் ஏற்கெனவே ஒரு வாசலும் இருந்தது.

ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கொண்டுவந்து எங்கள் பக்கம் வைத்தேன். அண்ணி தன் பாத்திரங்களிலிருந்து ஒரு குண்டான், ஒரு வாணலி, இரண்டு கரண்டி எடுத்துக் கொடுத்தார். பிறகு கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்து தேவியிடம் நீட்டினார். முதலில் பால் காய்ச்ச வேண்டுமாம். நான் சிரித்தேன். ஆபீஸர் கண்ணில் காட்ட வைக்கிற அடுப்புக்கு எதற்கு அண்ணி பால் என்றேன்.

"அடுப்புக்குத் தெரியுமா தம்பி, அது ஆபீஸருக்குன்னு?" என்றார் அண்ணி.

அப்போதே ஸ்டவ்வை எடுத்துத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நான் பால் குடித்துவிட்டு டுடோரியலுக்குப் போனேன்.

வியாழக்கிழமை வருகிறோம் என்றவர்கள் பதினெட்டு நாள் கழித்து வந்தார்கள். எப்போது வருவார்கள் என்று தெரியாததால் தினமும் அடுப்பு எரிந்தது. பாத்திரத்தில் கரி பிடித்திருக்க வேண்டும், சோறு வெந்த வாசனை இருக்க வேண்டும் என்று நானே தேவிக்கு எடுத்துச் சொன்னேன். முதல் நான்கு நாள் இரண்டு அடுப்புச் சோற்றையும் ஒன்றாக வைத்துச் சாப்பிட்டோம். மிஞ்சியது. அண்ணிக்குச் சோறு வீணாவது பொறுக்காது. எங்கள் இரண்டு பேருக்கு தேவி வைப்பதே போதும் என்று ஆகிவிட்டது. யாரும் முடிவு செய்யவில்லை, அரிசியை அளந்து போட்டபோது தானாக அப்படி ஆனது.

வந்தது ஒரு ஆபீஸரம்மா. நல்ல மாதிரி. ஸ்டவ்வைப் பார்த்தார், பெட்டிச் சுவரைத் தட்டிப் பார்த்தார், உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். பிரிந்து போவதற்குக் காரணம் என்று அதில் ஒரு இடம் இருந்தது. இதற்கு நான் தயாராக இல்லை. பரீட்சையிலும் எனக்கு இப்படித்தான், தெரியாத கேள்வி வந்தால் வாயில் வந்ததை எழுதுவேன்.

"அண்ணிக்கும் எங்களுக்கும் ஒத்து வரலைங்க மேடம்" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஆபீஸரம்மா எட்டிப் பார்த்து, அப்படித்தானா என்று அண்ணியைக் கேட்டார். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆமாங்க. தம்பி படிச்சவரு, சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஆபீஸரம்மா எழுதிக்கொண்டார். பழைய கார்டை வாங்கி என் பெயரையும் தேவியின் பெயரையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வெங்காயம் நறுக்கும் சத்தம் மறுபடி கேட்டது. அன்று சாயங்காலமே அண்ணியிடம் போய், அது ஆபீஸருக்காகச் சொன்னது என்றேன். தெரியுமே தம்பி, இதுக்குப் போயி சொல்லிக்கிட்டு என்று சிரித்தார். கோபித்துக்கொண்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். சிரித்தால் என்ன செய்வது?

புதுக் கார்டு வந்தது. கலர் டிவியும் வந்தது, அண்ணன் பக்கத்துக்கு. பட்டியலில் பழைய கார்டுகள்தான் இருந்தனவாம். உங்களுக்கு அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை. கறுப்பு வெள்ளையை அண்ணி எங்களுக்குக் கொடுத்துவிட்டார். நான் ஆசைப்பட்டபடி அதில் தனியாக உட்கார்ந்து உலகச் செய்திகள் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கலரில் ஒரு சீரியல் ஓடும். தேவி அதன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு காய் நறுக்குவாள்.

சுவரைப் பிரித்துவிடலாம் என்று அண்ணனிடம் ஒரு ஞாயிறு சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். பெட்டிகளின் வாய் அந்தப் பக்கம் பாதி, எங்கள் பக்கம் பாதி என்று மாறி மாறி இருந்தது. அண்ணி தன் பக்கத்துப் பெட்டிகளில் புளி, மிளகாய், கடுகு என்று வரிசையாக அடுக்கியிருந்தார். எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தால் தேவியும் அதையே செய்திருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் தோதா இருக்குதுடா. இருந்துட்டுப் போவட்டுமே" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு வகுப்பில் எங்கள் வீட்டை உதாரணம் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஆறாவது தடவை எழுதிய தேர்வின் ரிசல்ட் மறு வருடம் வந்தது. நெட் சென்டரில் பார்த்தேன். எதிர்பார்த்ததுதான். வீட்டுக்குள் நுழையும்போது மூக்கு தானாக அந்த வாசனையைத் தேடியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சாம்பார் வாசனை வந்தது. அண்ணி மேல் தப்பில்லை, நான் பரீட்சை எழுதியதையே அவரிடம் சொல்லவில்லை. முன்பெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. என் முகத்தைத் தினமும் மூன்று வேளை தட்டுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

நானே கடைத்தெருவுக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கிவந்து தேவியிடம் கொடுத்தேன். அவளும் நன்றாகத்தான் வைத்தாள். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, வாசல் வழியாகச் சுற்றி அண்ணியிடம் எடுத்துப்போனேன். அவர் தட்டை நீக்கி முகர்ந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ரிசல்ட்டா தம்பி?"

தலையாட்டினேன்.

"வுடுங்க. அடுத்த வாட்டி ஆவும்."

அவ்வளவுதான் பேசினோம். எனக்கோ வராத டிவி வந்துவிட்ட மாதிரி சந்தோஷம். பார், தேசம் அப்படியேதான் இருக்கிறது, என் பாடம் தப்பில்லை என்று தேவியிடம் பீற்றிக்கொண்டேன். அவள் குழம்புச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கிண்ணம் பெட்டிச் சுவரின் மேல் இருந்தது. பளபளவென்று கழுவித் துடைத்து, நான் கொண்டுபோன அதே தட்டைப் போட்டு மூடியிருந்தது. எடுத்தபோது கனத்தது. தட்டை நீக்கிப் பார்த்தேன். ஒரு பிடி சர்க்கரை.

கொஞ்சம் பழுப்பான, பெரிய பெரிய மணியாக இருக்கிற ரேஷன் சர்க்கரை. எங்கள் இரண்டு பேர் பெயரையும் சிவப்பு மையால் அடித்த அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு போய், அண்ணி வரிசையில் நின்று வாங்கி வந்தது.

தேவி வந்து பார்த்தாள். அக்கா முறை தப்ப மாட்டாங்க, பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமையா அனுப்ப மாட்டாங்க என்று சொல்லிவிட்டு, டீக்குப் போடட்டுமா என்று கேட்டாள். போடு என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி தாளித்துக்கொண்டிருந்தார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.